கத்தியில்லா வளாகம்

ஒளிக்கீற்று மருத்துவமனையில் கத்தி கிடையாது. வாசல் பலகையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தார்கள்: ‘வெட்டு இல்லை. தையல் இல்லை. தழும்பு இல்லை. எல்லாம் லேசர்.’ அந்தப் பலகையை முதன்முதலில் பார்த்த நாளில், பஸ்ஸில் போன டெய்லர்கள் சிலர், மூடப்போகிற இன்னொரு பனியன் கம்பெனி என்று நினைத்துக்கொண்டார்கள். திருப்பூரில் ஒரு வாசலில் ‘தையல் இல்லை’ என்று எழுதியிருந்தால் அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

மருத்துவமனையின் நிறுவனர் ஈஸ்வரமூர்த்தி. பனியன் கம்பெனிகளும் ஒரு சாயப்பட்டறையும் வைத்திருப்பவர். ஒருமுறை அவருக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. கோவையில் ஒரு டாக்டர் உடம்பில் எங்கும் ஓட்டை போடாமல், சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாயை விட்டு, அதற்குள் லேசர் ஒளியைச் செலுத்தி, கல்லைப் பொடியாக்கி எடுத்துவிட்டார். அது நல்ல மருத்துவம். ஈஸ்வரமூர்த்தி அதை மருத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை. கொள்கையாக எடுத்துக்கொண்டார். திரும்பி வந்து சொந்தமாக ஒரு மருத்துவமனை கட்டினார்.

கட்டியதும் சுற்றறிக்கை விட்டார். வெட்டு, கத்தி, தையல், கட் ஆகிய சொற்களை வளாகத்துக்குள் யாரும் உச்சரிக்கக் கூடாது; நோயாளி பயந்துவிடுவார். அன்றிலிருந்து கேன்டீனில் வெங்காயத்தை உரலில் போட்டு நசுக்கினார்கள். கரண்ட் கட்டானால், ‘மின்சாரம் சற்று ஓய்வெடுக்கிறது’ என்று ஒலிபெருக்கி அறிவித்தது. நோயாளிகளைப் பதிகிற கம்ப்யூட்டரில் டெய்லர்களின் தொழில் ‘துணி இணைப்பாளர்’ என்று மாறியது. கட்டிங் மாஸ்டருக்கு என்ன பெயர் வைப்பது என்று முடிவுசெய்ய ஒரு குழுவைப் போட்டார்கள். குழு கூடவில்லை. கூடும்வரை அந்தத் தொழிலைப் பட்டியலிலிருந்து எடுத்துவைத்தார்கள்.

எடுத்துவைத்த பிறகுதான் பாண்டித்துரை வந்து சேர்ந்தார்.

பாண்டித்துரை கட்டிங் மாஸ்டர். கமுதிப் பக்கமிருந்து பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்தவர். நீள மேசையில் அடுக்கடுக்காக விரித்த துணிக்கு மேல் நின்று, கத்தி மெஷினை வலது கையால் ஓட்டி, பனியனின் கழுத்தையும் கையையும் வளைத்து வெட்டி எடுப்பது அவர் வேலை. துணியைப் பிடிக்கும் இடது கையில் இரும்பு வலைக் கையுறை. முப்பது வருடம் ஓட்டியும் பத்து விரலும் இருந்தன. அந்தத் தொழிலில் அது சின்ன விஷயமில்லை. இன்னொன்றும் உண்டு. அவர் குடித்ததே இல்லை. அவருடைய அப்பா குடித்துக் குடித்து ரத்தவாந்தி எடுத்துச் செத்தவர். அதைக் கிட்ட இருந்து பார்த்தவர் பாண்டித்துரை.

வலது விலாவுக்குக் கீழே வலி. கண் மஞ்சள். உடம்பெல்லாம் அரிப்பு. குளிர் காய்ச்சல் வந்து வந்து போனது. மனைவி ராக்கம்மாள், அதே கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வாசலில் காவலாளி ஆறுச்சாமி நிறுத்தினார்.

“ஏனுங்கண்ணா, சட்டைப் பையில என்னங்க?”

“டிரிம்மரு. பிசிறு நூல் வெட்ட.”

“மெல்லச் சொல்லுங்க! அந்த வார்த்தைய இங்க சொல்லக் கூடாதுங்க. ‘நூல் விடுவிக்க’ன்னு சொல்லோணும்.” கைக்குள் அடங்கும் அந்தக் குட்டிக் கத்தரியை ஆறுச்சாமி வாங்கி மேசை டிராயருக்குள் போட்டார். “போறப்ப வாங்கிக்கலாமுங்க.”

வரவேற்பில் ஆள் உயரத்துக்கு ஒரு திரை இருந்தது. திரையில் ஒரு பெண் முகம் கைகூப்பியது. பக்கத்தில் ஜோதிகா என்றொரு பெண் நின்றிருந்தாள். திரை பேசும்போது யாரும் குறுக்கே பேசாமல் பார்த்துக்கொள்வது அவளுக்கு வேலை.

“வணக்கம். தாங்கள் என்ன செய்கிறீர்கள்?” என்றது திரை.

“கட்டிங்.”

திரை யோசித்தது. தொழில் பட்டியலில் அந்தச் சொல் இல்லை. மற்றப் பட்டியல்களில் தேடியது. திருப்பூரில் கட்டிங் என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. டாஸ்மாக் வாசலில் இரண்டு பேர் ஒரு குவார்ட்டரை வாங்கிப் பாதிப் பாதியாக ஊற்றிக்கொண்டால் அந்தப் பாதிக்குப் பெயர் கட்டிங். மருத்துவமனையின் குடிமீட்புப் பிரிவை ஒப்பந்தத்தில் வேறொருவர் நடத்தினார். அவருக்குச் சுற்றறிக்கை போகவில்லை. ஆகவே வளாகத்தில் அந்தச் சொல் உயிரோடு இருந்த ஒரே இடம் அவருடைய பட்டியல்தான். திரை அதைக் கண்டுபிடித்தது.

“தினமும் உண்டா?”

“தினமுந்தேன்.”

“ஒரு நாளைக்கு எவ்வளவு?”

“ஒன்றரை ஷிப்டு.”

“ஒன்றரை. எப்போதிலிருந்து?”

“பதினாறு வயசுல கத்துக்கிட்டது.”

“நிறுத்த முயன்றதுண்டா?”

“எதுக்கு நிறுத்தணும்? அத வச்சுத்தான குடும்பமே ஓடுது.”

“நிறுத்தினால் கை நடுங்குமா?”

“இந்த வாரம் போகல. நடுங்கத்தான் செய்யுது. குளுருது.”

“உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டுகள்,” என்றது திரை. முழுவதும் சிவப்பானது.

ஜோதிகா பதறிப்போய் முன்னால் வந்தாள். “அய்யோ, அது கட்டிங் மாஸ்டர் வேலைங்க. எங்கப்பாவும் அதுதானுங்க.”

“தாங்கள் பணியாளர். தங்கள் குரல் ஏற்கப்படாது,” என்றது திரை.

“என்னம்மா இது? செவப்பா வருது?” என்றார் ராக்கம்மாள்.

“அண்ணன் குடிக்கறாருன்னு ஏத்திருச்சுங்கக்கா.”

“அழிச்சிரு.”

“ஏறுனா இறங்காதுங்கக்கா.”

டாக்டர் மகுடேஸ்வரன் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நல்ல டாக்டர். பார்த்ததும் சொல்லிவிட்டார்.

“பித்தப்பையில இருந்து ஒரு கல்லு இறங்கி, பித்தம் போற குழாய அடைச்சிருக்குதுங்க. அதனாலதான் காமாலை. கல்லு பெருசு. முழுசா எடுக்க வராது. வாய் வழியா குழாய விட்டு, லேசர்ல உடைச்சு எடுக்கோணும். வயித்துல ஒரு கீறல் இருக்காது.”

“அப்ப எடுத்துருங்க சார்.”

“சிவப்பு வந்திருக்குதுங்களே.”

“சார், நான் குடிக்கிறதில்ல.”

“தெரியுதுங்க. ஈரலைப் பாத்தாலே தெரியுது. தெரியறது வேற, ரெக்கார்டு வேறங்க.” டாக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “நான் பத்துப் பன்னெண்டு வருசம் படிச்சவனுங்க. ஆனா லேசர் ரூம் கதவு எனக்குத் தொறக்காதுங்க. திரையில பச்சை வந்தாத்தான் தொறக்கும். சிவப்புல தள்ளுனா அலாரம் அடிக்கும். சோதனை ஓட்டத்துல ஒருக்கா அடிச்சுதுங்க. ரொம்பச் சத்தம்.”

“அலாரத்துக்குப் பயந்துக்கிட்டு ஆளச் சாகவிடுவீகளா?” என்றார் ராக்கம்மாள்.

டாக்டர் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். “சாகறதுக்கு அலாரம் வெக்கலீங்களே,” என்றார்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது. ஒரு சின்னக் குழாயை உள்ளே வைத்துப் பித்தத்தை வடியவிட்டால் காய்ச்சல் அடங்கிவிடும். கல்லைப் பிறகு உடைத்துக்கொள்ளலாம். “ஆனா குழாய் லேசர் இல்லீங்களே,” என்றார் டாக்டர். “நம்ம கொள்கை எல்லாம் லேசர்.” வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்றார்கள். காப்பீட்டு அனுமதி இந்த மருத்துவமனையின் பேரில் ஏறிவிட்டது. அதுவும் ஏறினால் இறங்காது. மேலும் லேசர் அறைக்கு வெள்ளிக்கிழமைதான் திறப்பு விழா. “அதுக்குள்ள எப்படியாவது பச்சை வாங்கிருங்க,” என்று டாக்டர் அக்கறையாகச் சொன்னார்.

பச்சை வாங்கக் குடிமீட்பு வகுப்புக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு போனார். ஆலோசகர் இந்துமதி எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்தார்.

“நீங்க சொல்லுங்க பாண்டித்துரை. எப்ப இருந்து குடிக்கறீங்க?”

“குடிக்கலம்மா.”

“இதுக்குப் பேரு மறுப்புங்க. ஒத்துக்காததுதான் இந்த நோயோட முதல் அடையாளம்.”

“சத்தியமா குடிச்சதே இல்ல.”

“பாத்தீங்களா, சத்தியம் பண்றாரு,” என்று இந்துமதி மற்றவர்களிடம் காட்டினார். “இது ரெண்டாவது அடையாளம். எவ்வளவு அழுத்தமா இல்லைங்கறாங்களோ அவ்வளவு முத்திப்போச்சுன்னு அர்த்தமுங்க. நான் பாத்ததுல உங்களுக்குத்தான் ரொம்ப முத்தியிருக்குது.”

நிஜமாகக் குடிக்கிறவர்கள் பாண்டித்துரையைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

வெளியே பெஞ்சில் லிங்கசாமி இருந்தார். மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர். சிறுநீரகக் கல். அவர் வாயைத் திறந்தால் பிராந்தி வாடை பெஞ்ச் முழுக்க அடித்தது. கையில் பச்சைச் சீட்டு.

“உங்களுக்கு எப்புடிண்ணே பச்ச வந்துச்சு?” என்றார் பாண்டித்துரை.

“அது கேட்டுதுங்க, பழக்கம் உண்டான்னு. இல்லைன்னுட்டனுங்க.” லிங்கசாமி குரலைத் தாழ்த்தினார். “நான் தினமும் ஒரு முழுக் கோட்டரு அடிக்கறவனுங்க. நான் இல்லைன்னு சொல்றேன், நீங்க போயி கட்டிங்னு சொல்லியிருக்கறீங்க. பொய் சொல்லத் தெரியாதவன் எதுக்குங்க ஆஸ்பத்திரிக்கு வரோணும்?”

அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை இந்துமதி ஒரு வழி சொன்னார். திறப்பு விழாவில் மேடையேறி, குடித்ததை மைக்கில் ஒப்புக்கொண்டு, இனித் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தால் வகுப்பு முடிந்ததாகக் கணக்கு. திரை பச்சையாகிவிடும். நிறுவனரும் மேடைக்கு ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

“மாட்டேன்,” என்றார் பாண்டித்துரை.

“ஒரு வார்த்தைதான. சொல்லித் தொலைங்க,” என்றார் ராக்கம்மாள்.

“எங்கப்பன் குடிச்சதுக்கு நான் பட்டது பத்தாதாக்கும். நானுங் குடிச்சேண்டு மைக்குல வேற சொல்லணுமா?”

“சொன்னா உசுரோட இருப்பீக. பெறகு நான் தெருத்தெருவாப் போயி இல்லண்டு சொல்லிக்கிறேன். எனக்கு வாய் இருக்கு. நீங்க இருந்தாத்தான அந்த வாய்க்கு வேல?”

பாண்டித்துரைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டது. பல் கிட்டித்து நடுங்கிக்கொண்டிருந்தார். சம்மதம் என்று ராக்கம்மாள் போய்ச் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பந்தல் போட்டிருந்தார்கள். பட்டுத்துணி போர்த்திய லேசர் மெஷினை மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி பேசினார்.

“பனியன்ல ஒரு ஓட்டை விழுந்தா என்னங்க சொல்லுவோம்? செகண்ட்ஸ்னு சொல்லுவோம். பாதி வெலைக்குத் தள்ளுவோம். அப்பறம் மனுசனுக்கு மட்டும் எதுக்குங்க ஓட்டை போடோணும்? நம்ம ஆஸ்பத்திரிய விட்டுப் போற ஒவ்வொரு உருப்படியும் எக்ஸ்போர்ட் குவாலிட்டியாப் போகோணும். உள்ள என்ன இருக்குதுன்னு எந்த பையர் பிரிச்சுப் பாக்கறானுங்க? வெளிய தழும்பு இருக்கப்படாது. அதுதான் தரம்.”

கைதட்டினார்கள்.

“இந்த மெஷின் வந்து ஆறு மாசமாச்சு. துணியப் போத்தி வெச்சிருந்தோம். ஏனுங்க? நல்ல நாள் அமையோணும்னு. நடுவுல சில பேஷன்ட்டுங்க அவசரப்பட்டாங்க. அவங்கள்ல சில பேரு இப்ப இல்லீங்க. நான் கேக்கறேன், அவசரப்பட்டு என்னங்க சாதிச்சாங்க?”

அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு பாண்டித்துரையை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு மேடையேற்றினார்கள். மஞ்சள் முகம். தள்ளாட்டம். பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. மைக்கை வலது கையில் கொடுத்தார்கள்.

“நான்… முப்பது வருசமா… கட்டிங்,” என்றார். நிறுத்தினார். இந்துமதி அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார். “இனி… தொட மாட்டேன்.”

வரவேற்பில் திரை பச்சையானது. புகைப்படம் எடுத்தார்கள். ராக்கம்மாள் நாற்காலி வரிசையின் கடைசியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது ரிப்பன். கத்தரிக்கோல் வளாகத்துக்குள் வர முடியாது. லேசராலேயே வெட்டிவிடுவது என்று ஈஸ்வரமூர்த்தி முடிவுசெய்திருந்தார். டாக்டர் மகுடேஸ்வரன் காதருகே குனிந்தார்.

“அய்யா, இது உடம்புக்குள்ள, தண்ணிக்குள்ள கல்ல உடைக்கற லேசருங்க. ரிப்பனுக்கு ஆகாது. ஒளி போற கண்ணாடி இழை நம்மகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது.”

“டாக்டரே, கல்லயே உடைக்குது. ரிப்பன உடைக்காதா?”

டாக்டருக்குத் தெரியும். தெரிவது வேறு. இழையை எடுத்துக் கொடுத்தார்.

ரிப்பன் புகைந்தது. பழுப்பானது. வெட்டுப்படவில்லை. ஈஸ்வரமூர்த்தி அழுத்திப் பிடித்தார். இழையின் நுனி கருகி உடைந்து விழுந்தது. கடைசியில் அவர் ரிப்பனைப் பல்லால் கடித்து இழுத்தார். சுற்றறிக்கையில் பல்லுக்குத் தடை இல்லை.

பாண்டித்துரை மேடையிலேயே விழுந்தார்.

புது இழை சென்னையிலிருந்து வர வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பியது ஞாயிறு கழித்து வந்தது. அதுவரை அடைபட்ட பித்தம் சீழாகி, விஷம் ரத்தத்தில் ஏறியது. ரத்த அழுத்தம் இறங்கியது. அதை ஏற்ற மருந்து மேல் மருந்தாக ஏற்றினார்கள். இழை வந்ததும் மகுடேஸ்வரன் வாய் வழியாகக் குழாயை விட்டு, கல்லைக் கண்டுபிடித்து, ஒளியைச் செலுத்தினார். கல் மணலாகிக் கரைந்து ஓடியது. நிறுவனரின் பேச்சைவிடக் குறைவான நேரம்தான் ஆனது. அவ்வளவு சுலபமான காரியம். வயிற்றில் ஒரு கீறல் இல்லை.

உயிர் நின்றது. ஆனால் ரத்தம் ஒழுங்காகப் போகாமல் வலது கையில் மூன்று விரல்கள் கறுத்துவிட்டன. எடுத்தாக வேண்டும்.

“எடுத்துருங்க,” என்றார் ராக்கம்மாள். அழுது முடித்திருந்தார்.

டாக்டர் சங்கடப்பட்டார். “அதுக்குக் கத்தி வேணுமுங்க. நம்ம வளாகத்துல வசதி இல்லீங்க.”

ஆம்புலன்சில் ஏற்றி, கத்தி இருக்கிற ஒரு மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒருவர் சாதாரணக் கத்தியால் மூன்று விரல்களையும் வெட்டி எடுத்து, சாதாரண நூலால் தைத்தார். ஒளிக்கீற்று கொடுத்த டிஸ்சார்ஜ் அறிக்கையில் வெட்டு இல்லை, தையல் இல்லை, தழும்பு இல்லை என்று அச்சடித்திருந்தது. அந்த அறிக்கையில் பொய் எதுவும் இல்லை.

கட்டு பிரித்ததும் கம்பெனிக்குப் போனார். மேனேஜர் முருகவேல் உட்காரச் சொன்னார்.

“மாஸ்டர், பையர்கிட்ட இருந்து ஆடிட்டுக்கு வர்றாங்க. குடிச்சேன்னு மைக்குல சொன்ன ஆளை மெஷின்ல நிறுத்துனா மொத்த கம்பெனியும் ஃபெயிலுங்க.”

“குடிக்கலண்டு உங்களுக்குத் தெரியும்ல?”

“எனக்குத் தெரியுமுங்க. நீங்க சொன்னதத்தான் ஊரே பாத்துதுங்களே.” முருகவேல் கட்டையான விரல்களைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். “எப்படியும் கை வேற…”

இத்தனை வருடம் போட்ட இரும்பு வலைக் கையுறை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கைக்கானது. இடது கையில் ஐந்து விரலும் இருந்தன.

பாண்டித்துரை நேராக ஒளிக்கீற்றுக்குப் போனார். உச்சி வெயில். மருத்துவமனைச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் அவர். மஞ்சள் முகம், கையில் மைக், மைக்கைப் பிடித்த ஐந்து விரல்கள். கீழே: ‘முப்பது ஆண்டுக் கட்டிங்! ஒரே நாளில் விட்டார்! நன்றி லேசர்!’

காவல் கூண்டுக்குப் போனார்.

“என் டிரிம்மரக் குடுங்க.”

ஆறுச்சாமிக்கு ஆளை அடையாளம் தெரியச் சற்று நேரமானது. கையைப் பார்த்தார். டிராயரைத் திறந்து கொடுத்தார். “போறப்பத்தான் வாங்கிக்கறதுங்க,” என்று மட்டும் மெல்லச் சொன்னார்.

“போறேன்.”

பாண்டித்துரை ஃபிளெக்ஸ் முன்னால் நின்றார். குட்டிக் கத்தரியை இடது கையில் எடுத்தார். வாழ்நாளெல்லாம் துணியைப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்த கை. கத்தரியை ஓட்டிப் பழக்கமில்லை. கழுத்தருகே குத்தி ஆரம்பித்தார். கோடு கோணலாகப் போனது. ஒரு காது ஃபிளெக்ஸிலேயே நின்றுவிட்டது. அதற்காக அவர் நிறுத்தவில்லை. தன் முகத்தைச் சுற்றி வந்து, கீழே இறங்கி, மைக்கைப் பிடித்த கையையும் ஐந்து விரலோடு எடுத்தார். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார். ஃபிளெக்ஸில் முகம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, அதன் வழியாக மருத்துவமனைச் சுவர் தெரிந்தது.

ஆறுச்சாமி அலுவலகத்துக்குப் போன் போட்டார். வெட்டிவிட்டார் என்று சொல்ல முடியாது. விடுவித்துவிட்டார் என்றால் அவர்களுக்குப் புரியாது. சுற்றறிக்கைக்குள் அடங்குகிற ஒரு சொல்லைத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. ஃபிளெக்ஸின் அடியில் மிச்சமிருந்த வரி கண்ணில் பட்டது.

“சார்,” என்றார், “அவரு மறுபடியும் கட்டிங் ஆரம்பிச்சுட்டாருங்க.”